வெள்ளைத் துணி கட்டிய வரிசை

வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைகிறவன் செருப்பைக் கழற்றி வரப்புக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். வெற்றிலை என்றால் லட்சுமி என்பார்கள். அது சாமிக்குச் சொல்கிற காரணம். காலோடு காலாக அடுத்த தோட்டத்து அழுகல் மண் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது வேலைக்காரனுக்குத் தெரிந்த காரணம். எதுவானாலும், சோழவந்தான் பக்கத்தில் பெரிய மனுசனே செருப்போடு உள்ளே வந்தால் மலைச்சாமி ஏணியில் இருந்தபடியே தொண்டையைச் செருமுவார். வாய் திறந்து சொல்லமாட்டார். சொல்லுகிற இடத்தில் அவரை யாரும் வைக்கவில்லை.

ஆடிக்காற்று கொடிகளை அகத்தி மரத்திலிருந்து பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தது. நேற்றுக் கட்டியதை இன்றைக்கு அவிழ்த்துவிடும், இன்றைக்குக் கட்டுவதை நாளைக்கு. ஊறவைத்த வாழைநாரை இடுப்பில் சொருகிக்கொண்டு ஏறுவதும் இறங்குவதுமாக அவருக்கு முழங்கால் இரண்டும் துருப்பிடித்த கீல் மாதிரி முனகின. அப்போதுதான் ஒரு பொம்பளை வரப்போரம் வந்து நின்று, யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டதை மேலிருந்து பார்த்தார். கைத்தறிச் சேலை, தோளில் துணிப்பை, காதோரம் நரை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அலுப்பு முகத்தில் இருந்தது.

“நாகஜோதி அப்பாவாண்ணே?”

“ஆமா. நீங்க யாருன்னு தெரியலையே.”

“பெர்சி. ஆனையூர்ல இருந்து வாரேன். ஜோதி போனை எடுக்க மாட்டேங்கிறா. அதான் நேர்ல வந்துட்டேன்.”

பெர்சிக்கா என்ற பேரை மகள் வாயால் அவர் நிறையக் கேட்டிருக்கிறார். மதுரையில் ஒரு கல்லூரியில் செடிகளுக்கு வருகிற நோயைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள். அப்பா ரயில்வேயில் தண்டவாளத்துக்குக் கல் கொட்டியவர். அவள் தெருவில் அறிவியல் படித்து மேலே வந்த முதல் ஆள் அவள்தான். வந்த பிறகும் ஒவ்வொரு படியிலும் அவளை நிற்க வைத்துத்தான் அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் அவள் வீட்டு ஹாலில் ஒரு கூட்டம் சேரும். எல்லாம் காலனிகளில் இருந்து வந்து ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள். ஒருவர் எழுதியதை ஒருவர் வாசித்துக் குறை சொல்வார்கள், ஒருவரை நிற்க வைத்து மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். ஒருத்திக்குக் கைடு சரியில்லை என்றால் பெர்சி நேரில் போய்ச் சண்டை போடுவாள். ஜோதி அந்தக் கூட்டத்துப் பிள்ளை.

மலைச்சாமி ஏணியை விட்டு இறங்கினார். “படுத்தே கெடக்கா டீச்சர். வந்ததுல இருந்து எந்திரிக்கல. ஆராய்ச்சி வேணாமாம். சமயநல்லூர்ல ஏதோ பள்ளிக்கூடத்துல ஆள் கேக்குறாகளாம், அங்க போறேங்கிறா. என்னத்தா ஆச்சுன்னா செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிறா.”

“வர்ற வெள்ளிக்கெழமை கமிட்டி இருக்கு. அதுல அவளை நிறுத்திரலாம்னு அவ கைடு எழுதி வச்சிருக்காரு. அவ போட்ட சோதனை தோத்துப்போச்சாம். அந்த வரிசைகளைக் கொஞ்சம் காட்டுறீங்களா?”

அது அருள்பாண்டியின் கொடிக்கால். மலைச்சாமி அங்கே வருசக்கணக்காகக் கொடி கட்டுகிறவர். வெற்றிலைக் கொடிக்குத் தூரில் வருகிற அழுகலைத் தடுக்க மண்ணிலேயே ஒரு நல்ல பூஞ்சணம் இருக்கிறது என்று ஜோதி கண்டுபிடித்து, அதைப் பெருக்கி, போன மழைக்கு முன்பு முதலாளியிடம் கேட்டு இந்தத் தோட்டத்தில்தான் போட்டுப் பார்த்தாள். பூஞ்சணம் போட்ட வரிசைகளின் தலையில் சிவப்புத் துணி. ஒன்றும் போடாத வரிசைகளுக்கு வெள்ளைத் துணி. துணிகள் வெயிலில் வெளுத்துக் காற்றில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

பெர்சி வெள்ளைத் துணி வரிசையில் குனிந்து தூரைப் பார்த்தாள். இலையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“இதான்ணே வம்பு. இதுவும் நல்லாருக்கு.”

“நல்லாருந்தா நல்லதுதானே டீச்சர்?”

“இல்லண்ணே. மருந்து போட்ட வரிசையும் நல்லாருக்கு, ஒண்ணுமே போடாததும் நல்லாருக்குன்னா, மருந்து வேலை செஞ்சுச்சுன்னு எதை வச்சுச் சொல்றது? இந்த வெள்ளத் துணி வரிசை அழுகியிருக்கணும். இது செத்தாத்தான் அது பொழச்சதுக்கு அர்த்தம். அதுக்குத்தான் இதைச் சும்மா விட்டுவைக்கிறது.”

மலைச்சாமி கையில் இருந்த வாழைநாரைப் பார்த்தார். அது எப்போது இரண்டாக அறுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஜோதி சொல்லத்தான் செய்திருந்தாள். “வெள்ளத் துணி வரிசைல மட்டும் எதுவும் செய்யாதீங்கப்பா.” அவரும் செய்யவில்லை. இலை கிள்ளவில்லை, மண் அணைக்கவில்லை, உரம் வைக்கவில்லை. ஆனால் அழுகின கொடியைப் பிடுங்குவது கொடிக்கால்காரன் கணக்கில் ஒரு வேலையே இல்லை. பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் துடைத்துவிடுகிறோம், அதை யாராவது வேலை என்று சொல்வார்களா. தூர் கறுத்து நாற்றம் எடுக்கிற கொடியைக் கண்டால் கை தானாகப் போகும். போன கார்த்திகையில் மழை விடாமல் பெய்தபோது வெள்ளைத் துணி வரிசையில் கொடிகள் ஒவ்வொன்றாகத் துவண்டன. அவர் விடியக் கருக்கலில் வந்து பிடுங்கிக் கொண்டுபோய் ஆற்றோரம் புதைத்தார். இடம் பொக்கையாகத் தெரியக்கூடாது என்று பக்கத்துக் கொடியை இறக்கி மண்ணில் பதித்து வேர் விடவைத்து, அகத்தியில் ஏற்றிக் கட்டினார். அழுகலைக் கொல்லுகிற மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தூரில் ஊற்றினார். ‘மலைச்சாமி மக வரிசை அழுகிக் கெடக்கு பாரு’ என்று ஒரு பயல் சொல்லிவிடக்கூடாது. அவ்வளவுதான் அவர் நினைத்தது.

ஜோதிக்கு அது தெரிய வழியில்லை. கைடு அவளைத் தோட்டத்துக்கு விட்டால்தானே. அவருடைய பரீட்சைத் தாள் திருத்துவது, அவருடைய மற்ற மாணவர்களுக்குக் கண்ணாடிக் குப்பி கழுவிவைப்பது என்று மாதத்தில் ஒரு நாள் இங்கே வந்து எண்ணிவிட்டுப் போவதே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. வந்த நேரங்களில் எல்லாம் கொடிகள் வரிசை பிசகாமல் நின்றன. மலைச்சாமி கட்டினால் அப்படித்தான் நிற்கும்.

“வாங்க டீச்சர், வீட்டுக்குப் போவோம்” என்றார்.

வீட்டில் அவர் பெண்சாதி சோணையம்மாள் கருவாட்டுக் குழம்பு கொதிக்க வைத்திருந்தாள். பெர்சியைப் பார்த்ததும் பாயில் கிடந்த ஜோதி எழுந்து முடியை அள்ளிச் செருகினாள். முகம் வீங்கியிருந்தது.

“எதுக்குக்கா இம்புட்டுத் தூரம்?”

“பஸ்ஸு வருதுல்ல, ஏறுனேன். நீ போனை எடுத்திருந்தா எனக்கு டிக்கெட்டு மிச்சம்.”

மலைச்சாமி கால் கழுவுகிற சாக்கில் வெளியே தொட்டியடியில் நின்றுகொண்டார். உள்ளே பேசுவது காதில் விழுந்தது.

“விஸ்வநாத் சார் என்னதான் சொன்னாரு?”

“உனக்குக் கழுவத்தான் வரும், கணக்கு வராதுன்னாரு. சீட்டு குடுக்குறாங்கன்னு வந்துர்றீங்க, ஒரு வரிசையை ஒழுங்கா நிறுத்தத் தெரியலைன்னாரு. எல்லாரும் இருக்கயில. நெசந்தானேக்கா. நான் எங்கயோ தப்பாத்தான் பண்ணிருக்கேன். எம்புட்டுத் தடவை பாத்துட்டேன், எங்கன்னு தெரியல. எனக்கு அந்த மூளை இல்ல போல.”

“உங்க லேபு ஸ்ரீராம்குமார் சாம்பிள் எல்லாம் பிரிட்ஜுல கெட்டுப்போச்சே, அவன்கிட்ட என்ன சொன்னாரு?”

“கரண்டு போனா நீ என்னப்பா செய்வ, திரும்பப் பண்ணுன்னு தோள்ல தட்டுனாரு.”

“ம். அவனுக்குக் கெட்டா கரண்டு மேல பழி. உனக்குக் கெட்டா உன் சாதி மேல.”

சோணையம்மாள் குழம்பை இறக்கிவைத்துவிட்டு முந்தானையில் கை துடைத்தாள். “டீச்சரம்மா, இவளாத்தான் கேக்கல. நீங்க சொல்லுங்க. இதெல்லாம் நம்ம பக்கம் மட்டுந்தான் இப்பிடியா, இல்ல எல்லா எடத்துலயுமா?”

“போன மாசம் எங்க கூட்டத்துல கம்ப்யூட்டர்ல ஒரு அம்மா பேசுனாங்கக்கா. அமெரிக்காவுல கறுப்பினத்து ஆளு. மண்ணைப் பத்தி ஆராய்ச்சி. பெரிய விஞ்ஞானி இப்ப. அவங்க லேபுக்குள்ள போனா, கூட்ட வந்தவங்கன்னு நெனச்சு, குப்பைக்கூடை அந்தப் பக்கம் இருக்குன்னு கை காட்டுவாங்களாம்.”

“அம்புட்டுத் தூரம் பொழைக்கப் போயுமா?”

“பொழைக்கப் போகலம்மா” என்றாள் ஜோதி. வந்ததிலிருந்து அம்மாவிடம் அவள் சேர்ந்தாற்போல் பேசினது அதுதான். “அங்கயே பொறந்தவங்க.”

“பொறந்த எடத்துலயேவா.” சோணையம்மாள் தட்டை எடுத்தாள். “அப்ப நம்ம ஆளுதான்.”

பெர்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவங்களும் நம்ம மாதிரி ஒரு கூட்டம் வச்சிருக்காங்க. ஒரு பிள்ளைக்குப் பரீட்சை, கமிட்டின்னா மத்த ஆளுக எல்லாம் லீவு போட்டுட்டு வந்து சும்மா உக்காருவாங்களாம். பேசக்கூட வேணாம், நம்ம முகத்துல ஒண்ணு அங்க இருந்தாப் போதும்னாங்க. அதான் வெள்ளிக்கெழமை நாங்க எல்லாம் வாரோம். நீ வந்தா வா, வரலைன்னா நாங்க மட்டும் உக்காந்துட்டு வாரோம்.”

இன்றைக்கு உன் காட்டுக்கு நான், நாளைக்கு என் காட்டுக்கு நீ. கைமாத்துக்கு ஆள் போகிற வேலைதான் இது என்று தொட்டியடியில் நின்ற மலைச்சாமிக்குப் புரிந்தது. சம்பளம் கிடையாது, சோறு மட்டும். அமெரிக்காவிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

பெர்சி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸுக்கு ஏற்றிவிட அவர் கூடவே நடந்தார். வைகைப் பாலம் வந்தது. ஆற்றில் தண்ணீர் நூல் மாதிரி ஓடியது. பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

“டீச்சர். அந்த வெள்ளத் துணி வரிசை நல்லா இருக்குறதுக்கு நாந்தான் காரணம்.”

அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் பெர்சி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மயில்துத்தம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அண்ணே, இந்த மாதிரி எத்தனையோ பிள்ளைகளுக்கு ஓடியிருக்கேன். கைடு கெடுத்துப் பாத்திருக்கேன். புருசங்காரன் கெடுத்துப் பாத்திருக்கேன். ஆபீஸ்ல பைலைத் தொலைச்சுக் கெடுத்துப் பாத்திருக்கேன். பாசத்துல ஒரு ஆளு கெடுத்து இப்பத்தான் பாக்குறேன்.”

“அவளுக்குத் தெரியாம முடிக்க வழி இல்லையா? நான் போயி அந்த சார் கால்ல விழுந்துர்றேன்.”

“விழுந்தா அவருக்குச் சந்தோசமாத்தான் இருக்கும். ஜோதிக்கு ஒண்ணும் ஆகாது.”

“அப்ப நீங்க சொல்லிருங்க தாயி.”

“நான் சொன்னா கோள் மூட்டுன மாதிரி ஆயிரும். நீங்க சொல்லுங்கண்ணே. கமிட்டி போனாப் போகுது. அந்தாளு சொன்னதை அந்தப் பிள்ளை நம்பிருச்சு பாருங்க, தனக்கு மூளை இல்லைன்னு. அதான் எனக்குப் பயம். அப்பிடி நம்பி வீட்டுக்குப் போன ஒரு பிள்ளையை இதுவரைக்கும் நான் திருப்பிக் கூட்டிட்டு வந்தது இல்ல.” பஸ் வந்தது. ஏறும்போது அவள் கால் ஒரு தரம் இடறியது. இன்னொரு பிள்ளை வீட்டுக்கும் அவள் அன்றைக்கே போக வேண்டியிருந்தது.

பொழுது இறங்குகிற நேரத்தில் மலைச்சாமி வீட்டுக்குள் வந்து மகளுக்கு எதிரே குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை, வளைக்கிற பேச்சு அவருக்கு வராது. சொன்னார்.

ஜோதி கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்திருந்தாள். சோணையம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். “அடப் பாவி மனுசா. சும்மா இருன்னு சொன்னா ஒரு நாளாச்சும் சும்மா இருந்திருக்கியா நீ.”

“எந்தெந்தக் கொடி?” என்றாள் ஜோதி.

“வந்தாக் காட்டுறேன்.”

கையைக் கழுவிவிட்டு முன்னால் நடந்தாள். கொடிக்காலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அவர் வெள்ளைத் துணி வரிசையில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இது வைத்தது. இது பழசு. இதுவும் வைத்தது, இல்லை, இது அடுத்ததில் இருந்து இறக்கியது. நடு வரிசைக்கு வந்ததும் குழம்பிப்போனார். திரும்ப முதலில் இருந்து வந்தார். முதலில் பழசு என்றதை இப்போது புதுசு என்றார். தன் கையால் வைத்ததைத் தானே கண்டுபிடிக்க முடியவில்லை.

“தெரியலத்தா. எல்லாம் ஒண்ணு மாதிரி இருக்கு.”

ஜோதி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிவப்புத் துணிகள் பக்கம் தலையைத் திருப்பினாள்.

“செவப்புத் துணி வரிசைல கை வச்சீங்களா?”

“இல்லையே.”

“நெசமாச் சொல்லுங்கப்பா. ஒரு கொடி கூடப் புடுங்கலையா? துத்தம் ஊத்தலையா?”

“எதுக்கு ஊத்தணும், அது நல்லாத்தானே இருந்துச்சு. அம்புட்டு மழையிலயும் அது பாட்டுக்கு நின்னுச்சு.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கும் எட்டியது. ஜோதி எழுந்து போய்ச் சிவப்புத் துணி வரிசைக்கு முன்னால் நின்றாள். அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

“அப்ப அது வேலை செஞ்சிருக்கு” என்றாள், யாரிடமோ சொல்வது போல. பிறகு அப்பாவிடம் திரும்பி, “ஒரு வருசம்ப்பா. என் ஒரு வருசத்தைப் புதைச்சுட்டீங்க” என்றாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் அவரோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் விடிகாலையில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டாள்.

ஆடி வெள்ளி. மாரியம்மனுக்கு ஊற்றிய கேப்பைக் கூழில் ஒரு தூக்குவாளி நிறைய எடுத்துச் சோணையம்மாள் மலைச்சாமி கையில் கொடுத்தாள். கூடவே மோர் மிளகாயும் வெங்காயமும். பல்கலைக்கழகத்தில் அந்தத் தாழ்வாரத்தில் ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வந்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. அலுவலக ஆள் ஒருவர் வந்து, “நீங்கள்ளாம் யாரு, என்ன வேணும்?” என்றார்.

“ஒண்ணும் வேணாம்ணே” என்றான் ஆலன். ஒல்லியாக, கண்ணாடி போட்ட பையன். வேதியியலில் ஆராய்ச்சி முடிக்கப் போகிறவன். “காத்து வாங்குறோம். ஒங்க தாழ்வாரத்துல நல்லா வருது.”

பேராசிரியர் விஸ்வநாத் அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். பெர்சி தாழ்த்தப்பட்டோர் பிரிவு அலுவலகத்துக்கு எழுதி, பார்வையாளராக உட்கார உத்தரவு வாங்கியிருந்தாள். அவளும் ஜோதியும் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது. கூட்டம் கூழைப் பங்குபோட்டுக் குடித்தது. மலைச்சாமி ஊற்றிக் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து அவரைக் கூப்பிட்டார்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று நான்கு பேர். ஏசி குளிர் உள்ளங்காலில் ஏறியது.

“நீதான் கெடுத்தியா?” என்றார் விஸ்வநாத். “இல்ல, உன் மக சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தாளா?”

“நாந்தாங்க. அவ தொடாதேன்னு சொன்னா. நாங் கேக்கல.”

“சார்” என்றாள் பெர்சி, குரலை உயர்த்தாமல். “அவங்க வயசுக்கு ‘நீங்க’ன்னு கேட்டாலும் இதே பதில்தான் வரும்.”

விஸ்வநாத் காகிதத்தைப் புரட்டினார். வெளியூரில் இருந்து வந்த உறுப்பினர் ஒரு அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஏன் செஞ்சீங்க?”

“அழுகலைக் கண்ணால பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியலைங்கம்மா.”

யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. “மத்த மாணவர்களுக்குச் சோதனை கெட்டப்போ திரும்பச் செய்யச் சொல்லியிருக்கீங்கன்னு இந்த மேடம் பேர் சொல்லிச் சொல்றாங்க, விஸ்வநாத். இந்தப் பொண்ணுக்கு மட்டும் ஏன் நிறுத்தணும்?” விஸ்வநாத் ஏதோ இங்கிலீசில் நீளமாகச் சொன்னார். அந்த அம்மா கேட்டு முடித்துவிட்டு மலைச்சாமி பக்கம் திரும்பினார். “இன்னொரு மழைக்காலம் குடுத்தா, நீங்க சும்மா இருந்துருவீங்களா?”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஜோதியும் பார்த்தாள். வாழ்க்கையில் அவரிடம் எத்தனையோ பேர் எத்தனையோ வேலை கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. சட்டென்று ‘ஆமா’ சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“இருக்கேங்க” என்றார் கடைசியில்.

ஒரு மழைக்காலம் கொடுத்தார்கள். உதவித்தொகை கிடையாது. கைடை மாற்ற முடியாது. வெளியே வரும்போது விஸ்வநாத் ஜோதியிடம், “உங்கப்பாவைக் கட்டிப்போட்டு வையி” என்றுவிட்டுப் போனார். தாழ்வாரத்து பெஞ்சில் பெர்சி சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள்.

“ஜெயிச்சுட்டோம்லக்கா?” என்றான் ஆலன்.

“தோக்கல” என்றாள் பெர்சி. “கூழு மிச்சம் இருக்கா?”

மறுபடி சோதனை போட அருள்பாண்டியிடம் இடம் கேட்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. மலைச்சாமி அத்தனை வருசத்தில் அவரிடம் தனக்கென்று ஒன்று கேட்டதில்லை.

“மலைச்சாமி, ஒனக்கு மூளை கீளை பெரண்டுருச்சா? அழுகலைக் காப்பாத்தணும்னு ஊருக்குள்ள ஒரு ஆளு கேட்டு வந்திருக்கானா? அது தண்ணியில பரவுனா என் தோட்டம் என்னாகுறது?”

“கடைசிப் பாத்தியைக் குடுங்க மொதலாளி. அதுக்கு அங்குட்டு ஆத்து ஓடைதான். தண்ணி திரும்பி வராது.”

“அழுகிச் செத்த கொடிக்கு யாரு பதில் சொல்றது?”

“அந்தப் பாத்திக்கு நான் பாக்குற வேலைக்குக் கூலி வேணாம்.”

அருள்பாண்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். “அதுல வேலையே பாக்கப் போறதில்லைங்கிற. அப்புறம் என்னய்யா கூலி.” சிரித்துக்கொண்டே சரி என்றார். அடுத்த நாளே டீக்கடையில் சொல்லிவிட்டார். வெற்றிலைக்காரர்கள் எல்லாம் வழியில் நிறுத்திக் கேட்டார்கள். “என்ன மலைச்சாமி, அழுகலு எப்பிடி இருக்கு? சவுக்கியமா?”

“நல்லாருக்கு மாப்ள.”

ஜோதி கடைசிப் பாத்தியில் திரும்பப் பூஞ்சணம் போட்டுச் சிவப்பும் வெள்ளையுமாகத் துணி கட்டினாள். ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகையில் விடவில்லை. வைகை கலங்கி மணலை மூடி ஓடியது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஆனையூரில் இருந்து இடம் மாறிக் கொடிக்காலுக்கு வந்தது. ஒவ்வொரு வாரமும் இரண்டு பேர், செருப்பை வரப்பில் விட்டுவிட்டு, சாக்கைக் கொங்காணியாகத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஜோதியோடு சேர்ந்து எண்ணினார்கள். ஒருவர் எண்ணியதை இன்னொருவர் திரும்ப எண்ணினார். பதிலுக்கு ஜோதி நாளைக்கு அவர்கள் லேபில் வேலை செய்வாள். கைமாத்து.

மலைச்சாமி மற்ற பாத்திகளில் கொடி கட்டிவிட்டுத் தினமும் கடைசிப் பாத்திக்கு வருவார். வராமல் இருக்கலாம், ஜோதியே அதைச் சொன்னாள். ஆனால் அவர் இல்லாத நேரத்தில் அருள்பாண்டியின் ஆள் யாராவது பழக்கத்தில் கை வைத்துவிட்டால் என்ன செய்வது. கொடிக்காலில் பிறந்தவன் எவன் கையும் சும்மா இருக்காது. அதனால் வந்து நிற்பார். வெள்ளைத் துணி வரிசையில் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. நாற்றம் மழையோடு சேர்ந்து மூக்கில் ஏறியது. அவர் கட்டிய கொடி ஒன்று அகத்தியில் இருந்து தானாக நழுவி விழுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்ற அன்றைக்கு அவருக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோணையம்மாள் தூக்குவாளியோடு வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

“எம்புட்டு நேரமா இப்பிடியே நிக்கிறீக? வேலை வெட்டி இல்லையா?”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“என்னத்த? கையைப் பின்னால கட்டிக்கிட்டு மணியக்காரரு கணக்கா நிக்கிறீக.”

“இந்த வேலைக்கு இப்பிடித்தான் நிக்கணும். போ அங்குட்டு.”

“அப்பா” என்று கூப்பிட்டாள் ஜோதி, வரிசைக்குள் இருந்து. அவள் கால் முழங்கால் வரைக்கும் சேறாக இருந்தது. பக்கத்தில் பெர்சி குடையைப் பிடித்திருந்தாள். பாதிக் குடை ஜோதிக்கு, பாதி தான் எழுதுகிற அட்டைக்கு, தன் முதுகு மழையில். “இங்க வாங்க. இது போயிருச்சா, இன்னும் உசுரு இருக்கா? எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துவரல.”

மலைச்சாமி போய்க் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். கையைப் பின்னாலிருந்து எடுக்கவில்லை. முகத்தைத் தூருக்குக் கிட்டே கொண்டுபோனார்.

“போயிருச்சுத்தா.”

“நிச்சயமா?”

“நல்லாப் போயிருச்சு.”

ஜோதி அதைச் சொன்னாள், பெர்சி எழுதிக்கொண்டாள். அந்தப் பக்கம் சிவப்புத் துணி வரிசை மழையில் கரும்பச்சையாகப் பளபளத்துக்கொண்டு நின்றது. ஜோதி ஒரு தரம் அதைப் பார்த்துவிட்டு, வேகமாகக் குனிந்துகொண்டாள். சிரிப்பதை அப்பா பார்த்துவிடக்கூடாது என்று இருக்கும். அப்பா பார்த்துவிட்டார்.

எழுந்திருக்கும்போது பக்கத்துக் கொடி கண்ணில் பட்டது. வெள்ளைத் துணி வரிசையில் அதுதான் இன்னும் நிமிர்ந்து நின்றது. தூரில் நகத்தளவுக்குக் கறுப்பு இன்றைக்குத்தான் இறங்கியிருக்கிறது. ஒரு கை துத்தத் தண்ணி ஊற்றினால் பிழைத்துக்கொள்ளும். நாளைக்கு ஊற்றினால் பிழைக்காது.

மழை வலுத்தது. மலைச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பின்னால் கொண்டுபோய், இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினார். அது தளர்வாக இருந்தது. இன்னொரு சுற்று இறுக்கிச் சுற்றிக்கொண்டு, அந்தக் கொடிக்கு முன்னாலேயே நின்றார்.